அடுத்த தலைமுறை இணையம் எப்படி இருக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது இணையம் எப்போது வரும்? அதற்கென்று ஒரு நாள் குறித்திருக்கிறார்களா?

நாள் குறித்து மாறியது ஒரே ஒரு முறை. 1983 ஜனவரி 1 அன்று, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலை, கணினிகள் பேசிக்கொள்ளும் பழைய என்சிபி நெறிமுறையைக் கைவிட்டு, இன்றும் இணையம் ஓடும் டிசிபி/ஐபிக்கு மாறியது. அப்போது அதில் இருந்தவை சில நூறு கணினிகள். இன்று எல்லாவற்றையும் ஒரே இரவில் நிறுத்தி மாற்ற யாராலும் முடியாது. ஓடுகிற பேருந்துக்கு ஒவ்வொரு சக்கரமாக மாற்றுவது போலத்தான் இனி எல்லா மாற்றமும் நடக்கும். பல சக்கரங்கள் ஏற்கெனவே மாறிவிட்டன. இந்தப் பக்கத்தை நீங்கள் படிக்கும் போனிலேயே அவற்றில் சில இருக்கக்கூடும்.

எது வரும், எது வராது என்று எப்படிக் கணிப்பது?

பெரிய ஆட்களே சறுக்கிய இடம் இது. கணினிகளைக் கம்பியால் இணைக்கும் ஈதர்நெட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் மெட்காஃப், 1996-ல் இணையம் நிலைகுலைந்து விழும் என்று 1995 டிசம்பரில் எழுதினார். விழவில்லை. 1997-ல் ஒரு மாநாட்டு மேடையில் அந்தக் கட்டுரைத் தாளைத் தண்ணீர் விட்டு மிக்சியில் அரைத்து விழுங்கினார். நெரிசல் கூடியது உண்மைதான். ஆனால் நெரிசல் கூடக் கூட, அதை நடத்துபவர்கள் அங்கங்கே அகலப்படுத்திக்கொண்டே போவார்கள் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

நாங்கள் மூன்று கேள்விகளை வைத்துப் பார்க்கிறோம். முதலாவது: விதிமுறை எழுத்தில் வந்து, குறைந்தது இரண்டு தரப்பாவது அதன்படி நிரல் எழுதி ஓட்டுகிறதா? இரண்டாவது: இரு முனைகள் மட்டும் மாறினால் போதுமா, நடுவில் இருக்கும் எல்லோரும் மாற வேண்டுமா? மூன்றாவது: மாறாமல் இருப்பவருக்குச் செலவு ஏறுகிறதா? இரண்டாவது கேள்விதான் முக்கியம். போனும் சர்வரும் மாறினால் போதும் என்றால் ஐந்தாறு ஆண்டில் வந்துவிடும். நடுவில் உள்ள ரவுட்டர், ஃபயர்வால் (வருவதையும் போவதையும் வடிகட்டும் காவல்), மெயில் சர்வர் அத்தனையும் மாற வேண்டும் என்றால் இருபது, முப்பது ஆண்டு ஆகும். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த அளவுகோலால் அளந்தவை.

ஐபிவி6 என்று 1995 முதல் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஏன் இன்னும் முழுதாக வரவில்லை?

இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் தரும் முகவரியின் புதிய முறை ஐபிவி6. நடுவில் உள்ள எல்லோரும் மாற வேண்டிய வகை அது. பழைய ஐபிவி4 முகவரி 32 பிட் நீளம், மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது. 128 பிட் நீளமுள்ள ஐபிவி6 அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தயார். ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசாது. எனவே மாறுபவர் பழையதையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும். முதலில் மாறுபவருக்குச் செலவு, கடைசியில் மாறுபவருக்கு லாபம் என்ற நிலை பதினைந்து ஆண்டுகள் நீடித்தது.

இப்போது அது புரண்டுவிட்டது. 2016-ல் ஜியோ இந்தியாவில் ஐபிவி6-ஐ அடித்தளமாக வைத்துக் கோடிக்கணக்கான போன்களை இணைத்தது. அத்தனை பேருக்குப் பழைய முகவரி வாங்கிக் கட்டுப்படியாகாது. இன்று உலகில் ஐபிவி6 பயன்பாட்டில் முன்வரிசையில் நிற்கும் நாடுகளில் இந்தியா ஒன்று. 2024 பிப்ரவரி 1 முதல் அமேசானின் கிளவுடில் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் வாடகை. ஆண்டுக்குச் சுமார் 44 டாலர். சிறு சர்வர் ஒன்றின் வாடகைக்குப் பக்கத்தில் வரும் தொகை இது. மூன்றாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று விடை வந்துவிட்டதால், இனி ஐபிவி6 பின்வாங்காது என்பது எங்கள் உறுதியான கணிப்பு. ஐபிவி4 சாகாது. வாடகைக்கு மட்டும் கிடைக்கும் பழைய வீடு போல நெடுநாள் இருக்கும்.

என் வீட்டில் ஐபிவி6 இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? இல்லையென்றால் எப்படிப் போடுவது?

ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் ‘போன் பற்றி’ பகுதியில் ஐபி முகவரி இருக்கும். முக்காற்புள்ளிகளுடன் 2 என்று தொடங்கும் நீளமான முகவரி இருந்தால் ஐபிவி6 வேலை செய்கிறது. ஆசிய-பசிபிக் பகுதி முகவரிகள் பெரும்பாலும் 24 என்று தொடங்கும். ‘எஃப்இ80’ என்று தொடங்குவது மட்டும் இருந்தால் அது வீட்டுக்குள் செல்லுபடியாகும் முகவரி, வெளியே போகாது.

இல்லையென்றால் ரவுட்டருக்குள் நுழையுங்கள் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1). டபிள்யூஏஎன் (வெளி இணைப்பு) பக்கத்தில் ஐபி வகையை ‘ஐபிவி4/ஐபிவி6 இரண்டும்’ என்று மாற்றி, ‘முன்னொட்டு ஒப்படைப்பு’ (Prefix Delegation) என்ற பொருளில் இருக்கும் பெட்டியை டிக் செய்ய வேண்டும். பிறகு வீட்டுப் பக்கத்தில் ரவுட்டர் அறிவிப்பை (Router Advertisement) இயக்கி, ஃபயர்வால் இயங்குகிறதா என்று உறுதி செய்து, ரவுட்டரை அணைத்துப் போடுங்கள். டபிள்யூஏஎன் முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால், உங்கள் ஐபிவி4 முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன என்று பொருள். வீட்டுக் கேமராவை வெளியிலிருந்து நேரடியாகப் பார்க்க முடியாமல் போவதற்கு இதுதான் முதல் காரணம்.

அடிக்கடி மாட்டும் இடம் ஒன்று: சேவை நிறுவனம் /56 என்ற அளவுள்ள முகவரித் தொகுதி கொடுத்தால் வீட்டுக்குள் 256 தனி வலைகள் அமைக்கலாம். /64 மட்டும் கொடுத்தால் ஒன்றுதான். அந்த நிலையில் மாடிக்கு இரண்டாவது ரவுட்டர் வைத்தால், முதல் ரவுட்டரிடம் பிரித்துக் கொடுக்க ஒன்றும் இருக்காது. இரண்டாவதை ரவுட்டராக ஓட்டாமல் வைஃபை மட்டும் பரப்பும் வெறும் அக்சஸ் பாயின்ட்டாக மாற்றுங்கள். பிரச்சினை தீரும்.

ஐபிவி6 போட்ட பிறகு சில தளங்கள் பாதி திறந்து அப்படியே நின்றுவிடுகின்றனவே?

பாக்கெட் (தகவல் துண்டு) அளவுச் சிக்கல். ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் பிபிபிஓஇ என்ற உறை 8 பைட் எடுத்துக்கொள்வதால், 1500 பைட் பாக்கெட்டுக்கு இடமில்லை, 1492 தான். ஐபிவி4-ல் நடுவில் உள்ள ரவுட்டர் பெரிய பாக்கெட்டை வெட்டி அனுப்ப வழி உண்டு. ஐபிவி6-ல் ரவுட்டர் வெட்டாது. ‘பாக்கெட் பெரிது’ என்று அனுப்பியவருக்கு ஐசிஎம்பிவி6 என்ற வகை அறிவிப்புச் செய்தி அனுப்பும். ஃபயர்வாலில் யாரோ ஐசிஎம்பி முழுவதையும் தடுத்து வைத்திருந்தால் அந்தச் செய்தி போய்ச் சேராது. சின்னப் பாக்கெட்டுகள் போகும், பெரியவை காணாமல் போகும். அதனால் பிங் என்ற சிறு சோதனைச் செய்தி வேலை செய்யும், தளம் திறக்கத் தொடங்கும், பிறகு நின்றுவிடும்.

ஐசிஎம்பிவி6 வகை 2 செய்தியை உள்ளே வர விடுங்கள். ரவுட்டரில் எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தகவலின் உச்ச அளவு) மதிப்பை ஐபிவி6-க்கு 1432, ஐபிவி4-க்கு 1452 என்று கட்டுப்படுத்துங்கள். ஐபிவி6-ஐயே அணைத்துவிடுவது பலர் செய்யும் வேலை. தலைவலிக்குத் தலையை வெட்ட வேண்டியதில்லை.

எல்லாச் சாதனத்துக்கும் பொது முகவரி என்றால் பாதுகாப்பு போய்விடாதா?

பாதுகாப்பு தருவது ஃபயர்வால், முகவரி மறைப்பு அல்ல. ‘உள்ளிருந்து தொடங்கியதற்கு மட்டும் பதில் வரலாம்’ என்ற விதி ரவுட்டரில் இருந்தால் போதும். ஒரு /64 வலையில் உள்ள எல்லா முகவரிகளையும் விநாடிக்கு 10 லட்சம் வீதம் தட்டிப் பார்த்தாலும் முடிக்க 5.8 லட்சம் ஆண்டுகள் ஆகும்.

க்விக், எச்டிடிபி/3 என்பவை என்ன? ஏன் இவ்வளவு வேகமாகப் பரவின?

டிசிபிக்கு மாற்றாக வந்த கடத்தும் முறை க்விக். அதன் மேல் ஓடும் இணையப் பக்க நெறிமுறை எச்டிடிபி/3. இரண்டாவது கேள்வியில் தேறியதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. டிசிபியைத் திருத்த வேண்டும் என்று பல ஆண்டுகள் முயன்றார்கள். முடியவில்லை. வழியில் இருக்கும் ஃபயர்வால்கள் டிசிபி தலைப்பைத் திறந்து பார்த்து, தமக்குப் பழக்கமில்லாத எதையும் வீசி எறிந்தன. சுண்ணாம்பு படிந்த குழாய் போல இணையத்தின் நடுப்பகுதி இறுகிப்போயிருந்தது. இணைப்பை மறைகுறியாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின் 1.3 பதிப்பு 2018-ல் வந்தபோது, தன் பதிப்பு எண்ணை ‘1.2’ என்றே முகப்பில் எழுதி, உண்மையான எண்ணை உள்ளே ஒரு நீட்சியில் வைக்க வேண்டியிருந்தது. அப்படிச் செய்யாவிட்டால் நடுவில் உள்ள கருவிகள் இணைப்பை அறுத்தன.

க்விக்கை வடிவமைத்தவர்கள் இந்தப் பாடத்தை உள்வாங்கினார்கள். யூடிபி என்ற எளிய கடத்து முறையின் மேல் ஓட்டி, தலைப்பின் பெரும்பகுதியையும் மறைகுறியாக்கிவிட்டார்கள். நடுவில் இருப்பவருக்குத் தெரியாததை அவர் தடுக்க முடியாது. பிரௌசரும் சர்வரும் மாறினால் போதும். 2021 மே மாதம் விதிமுறை (ஆர்எஃப்சி 9000), 2022 ஜூனில் அதன் மேல் எச்டிடிபி/3. டிசிபியோடு டிஎல்எஸ் 1.3 சேர்ந்தால் கோரிக்கை கிளம்புமுன் இரண்டு சுற்றுப் பயணம். க்விக்கில் ஒன்று. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் இணைப்பு அறுபடாமல் தொடர வழி உண்டு, இணைப்புக்குத் தனி அடையாள எண் இருப்பதால்.

சர்வர் நடத்துபவர் கவனிக்க: 443-ம் போர்ட்டை யூடிபிக்கும் திறக்க வேண்டும். டிசிபிக்கு மட்டும் திறந்துவிட்டு ‘எச்டிடிபி/3 வரவில்லை’ என்று தேடுவது மிகப் பொதுவான தவறு. பல லினக்ஸ் பதிப்புகளில் யூடிபி பெறும் பஃபரின் (தற்காலிகச் சேமிப்பிடத்தின்) உச்ச வரம்பு இயல்பாக 2,12,992 பைட். போக்குவரத்து மிகுந்த சர்வரில் அதை 75 லட்சம் பைட் அளவுக்கு உயர்த்தாவிட்டால் பாக்கெட்டுகள் உள்ளேயே உதிரும்.

குவாண்டம் கணினி வந்தால் இணையப் பூட்டெல்லாம் உடைந்துவிடுமா?

இன்று உடையாது. ஆனால் இன்று பதிவு செய்து வைத்த போக்குவரத்தை நாளை உடைத்துப் படிக்கலாம் என்பதுதான் அபாயம். பத்து, இருபது ஆண்டுகள் ரகசியமாக இருக்க வேண்டிய மருத்துவ, அரசு ஆவணங்களுக்கு அது இன்றைய பிரச்சினை. அமெரிக்காவின் தர நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்ட் 13 அன்று, குவாண்டம் கணினியையும் தாங்கும்படி வடிவமைத்த மூன்று புதிய பூட்டுத் தரங்களை வெளியிட்டது.

மாற்றம் இரண்டு பாகம். சாவி பரிமாற்றம் எளிது: இரு முனை மாறினால் போதும். குரோம் 2024-லேயே இயல்பாக இயக்கிவிட்டது. பழைய முறையில் சாவி 32 பைட். புதிய எம்எல்-கெம்-768 சாவி 1184 பைட். இரண்டையும் சேர்த்து அனுப்புவதால் முதல் வணக்கச் செய்தி ஒரு பாக்கெட்டில் அடங்காமல் இரண்டாகிறது. முதல் பாக்கெட்டை மட்டும் படித்துப் பழகிய சில ஃபயர்வால்கள் அங்கே தடுமாறின. அலுவலகத்தில் மட்டும் சில தளங்கள் திறக்காமல், மொபைல் டேட்டாவில் திறந்தால் இதைச் சந்தேகியுங்கள். ஃபயர்வாலின் மென்பொருளைப் புதுப்பிப்பதே சரியான மருந்து.

தளம் உண்மையானதுதான் என்று காட்டும் கையொப்பம் கடினம். ஒரு தளத்தைத் திறக்கும்போது வழக்கமாக ஐந்து கையொப்பங்களும் இரண்டு பொதுச் சாவிகளும் வருகின்றன. எம்எல்-டிஎஸ்ஏ-44 முறையில் கையொப்பம் 2420 பைட், சாவி 1312 பைட். கூட்டினால் 14,724 பைட். டிசிபி முதல் மூச்சில் அனுப்பும் பத்துப் பாக்கெட்டுகளின் கொள்ளளவு சுமார் 14,600 பைட். விளிம்பில் தவறி, ஒவ்வொரு முதல் திறப்புக்கும் ஒரு சுற்று கூடுதலாகும். ஆகவே சான்றிதழ்களின் வடிவமே மாறும் என்று எதிர்பார்க்கிறோம். பல சான்றிதழ்களை ஒரு மரமாக அடுக்கி மொத்தத்துக்கும் ஒரே கையொப்பம் இடும் முறை அதற்கான வலுவான வேட்பாளர்.

தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு இனி ஆயுள் 47 நாள்தானாமே?

ஆம். 2026 மார்ச் 15 முதல் உச்ச ஆயுள் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். கையால் புதுப்பிக்கும் காலம் முடிந்தது. தானியங்கிப் புதுப்பிப்பை இப்போதே அமைத்து, ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே ஓடும்படி வையுங்கள். புதிய சான்றிதழ் வட்டில் வந்துவிடும், ஆனால் சர்வரை ரீலோட் செய்யாததால் நினைவகத்தில் உள்ள பழையதையே அது காட்டிக்கொண்டிருக்கும். தளங்கள் திடீரெனச் சிவப்பாவதற்கு இது பழகிப்போன காரணம். புதுப்பிப்புக்குப் பின் ரீலோட் கட்டளை இருக்கிறதா என்று பாருங்கள். காலாவதி எச்சரிக்கையை வட்டிலுள்ள கோப்பை வைத்து எடுக்காமல், வெளியிலிருந்து தளத்தைத் திறந்து சோதித்து எடுங்கள்.

செயற்கைக்கோள் இணையம் கடலடிக் கேபிளை ஒழித்துவிடுமா?

ஒழிக்காது. கணக்குப் போட்டால் தெரியும். பழைய பாணிச் செயற்கைக்கோள் 35,786 கி.மீ உயரம், கேள்வி போய்ப் பதில் வர ஒளிக்கே 477 மில்லி விநாடி. ஸ்டார்லிங்க் போன்றவை 550 கி.மீ உயரத்தில் பறப்பதால் அதே பயணம் 7.3 மில்லி விநாடி. தாமதப் பிரச்சினை உண்மையிலேயே தீர்ந்துவிட்டது, பெரிய சாதனை. ஆனால் கொள்ளளவு வேறு கதை. 2017-ல் அட்லாண்டிக்கில் போட்டு முடிக்கப்பட்ட மரேயா கேபிள், 8 ஃபைபர் இணைகளில் விநாடிக்கு 160 டெராபிட் சுமக்க வடிவமைக்கப்பட்டது. செயற்கைக்கோளின் ஒரு கற்றையை அதன் கீழுள்ள எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். சென்னை தியாகராய நகர் போன்ற இடத்தில் அது பத்தாது. ஆழ்கடல் படகு, மலைக்கிராமம், புயலில் கோபுரம் சாய்ந்த கடற்கரை ஆகிய இடங்களில் அதற்கு இணை இல்லை.

எதிர்த்திசையில் நடந்ததையும் பாருங்கள். அந்தமான் தீவுகள் நெடுங்காலம் செயற்கைக்கோளை நம்பியிருந்தன. சென்னையிலிருந்து சுமார் 2,300 கி.மீ கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்ட பிறகுதான் அங்கே நிலைமை மாறியது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான சுமார் 3,200 கி.மீ கேபிளில் போய்வர 32 மில்லி விநாடிதான்.

டிஷ் வைப்பவர்களுக்கு: வானம் மறையாமல் தெரிய வேண்டும். ஒற்றைத் தென்னங்கீற்று அசைந்து மறைத்தாலும் சில விநாடிகள் அறுபடும். இன்வெர்ட்டர் கணக்குக்கு 50 முதல் 100 வாட் வரை ஒதுக்குங்கள்.

100 எம்பி இணைப்பு இருந்தும் வீடியோ அழைப்பு திணறுகிறதே? இனி வரும் இணையத்தில் இது தீருமா?

திணறுவதற்குக் காரணம் வேகக் குறைவு இல்லை, வரிசை. ரவுட்டரில் 10 லட்சம் பைட் பஃபர் இருந்து, மேலேற்றும் வேகம் 5 எம்பிபிஎஸ் என்றால், பஃபர் நிரம்பியபின் வரும் ஒவ்வொரு பாக்கெட்டும் 1.6 விநாடி காத்திருக்கும். சோதிப்பது எளிது. சும்மா இருக்கும்போது பிங் நேரம் பாருங்கள், பிறகு பெரிய வீடியோ ஒன்றை ஏற்றிக்கொண்டே பாருங்கள். 20 மில்லி விநாடி 300-ஐத் தாண்டினால் நோய் இதுதான். ஓபன்டபிள்யூஆர்டி போன்ற ரவுட்டர் மென்பொருளில் வரிசை மேலாண்மையை இயக்கி ‘கேக்’ முறையைத் தேர்ந்து, அளந்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை வரம்பாக வையுங்கள். வரிசை வேறெங்கோ சேராமல் உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள இடத்தில் சேரும்.

அடுத்தது எல்4எஸ், 2023 ஜனவரியில் விதிமுறையானது. நெரிசல் வருமுன்பே பாக்கெட்டில் குறியிட்டு அனுப்புபவரை மெதுவாக்கச் சொல்லும். நடுவில் எல்லோரும் மாற வேண்டாம், இரு முனைகளோடு குறுகலான அந்த ஒரே இடம் மாறினால் போதும். ஆகவே இது பரவும் என்றே நம்புகிறோம்.

6ஜி?

ஐநாவின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூ 2023-ல் அதற்கான சட்டகத்தை வெளியிட்டது. வணிகச் சேவை 2030-ஐ ஒட்டி. அது பெரும்பாலும் போனுக்கும் கோபுரத்துக்கும் இடையிலான மாற்றம்.

மெட்டாவர்ஸ், வெப்3 என்றெல்லாம் சொன்னார்களே?

மெட்டாவர்ஸ் என்ற மெய்நிகர் உலகை நம்பி, பேஸ்புக் நிறுவனம் 2021 அக்டோபரில் மெட்டா என்று பெயரையே மாற்றிக்கொண்டது. ஆனாலும் தலையில் கருவி மாட்டிக்கொண்டு அன்றாட வேலை செய்பவர்கள் இன்றும் குறைவு. வெப்3 முன்வைக்கும் பிளாக்செயின் (பலர் சேர்ந்து நடத்தும் பொதுப் பதிவேடு) பெயர்கள், தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் வழக்கமான டிஎன்எஸ்ஸில் திறப்பதில்லை. பயன்படுத்துபவருக்கு முதல் நாளே ஒரு நன்மை வேண்டும். அது அங்கே இல்லை. பல சர்வர்கள் தமக்குள் பேசும் சமூக வலை நெறிமுறையான ஆக்டிவிட்டிபப் (2018-ல் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி-யின் பரிந்துரை) அதைவிட அமைதியாக, உறுதியாக வளர்கிறது.

ஏஐ நிரல்கள் தளத்தை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகின்றன. இனி என்ன ஆகும்?

நிரல்கள் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று தளம் எழுதி வைக்கும், 1994 முதல் இருக்கும் ‘ரோபாட்ஸ்’ கோப்பு ஒரு வேண்டுகோள், பூட்டு அல்ல. 2022-ல் விதிமுறையாக எழுதப்பட்டபோதும் அப்படியே இருந்தது. பெயரை மாற்றிக்கொண்டு வரும் நிரலை அது தடுக்காது. இப்போதைக்குச் செய்யக்கூடியது: சர்வர் பதிவேட்டில் எந்த முகவரியிலிருந்து நிமிடத்துக்கு எத்தனை கோரிக்கை வருகிறது என்று பார்த்து வரம்பு வைப்பது, தேடுபொறி என்று சொல்லிக்கொண்டு வருவதை முகவரியிலிருந்து பெயர், பெயரிலிருந்து முகவரி என்று இருவழியும் சரிபார்ப்பது.

நிரல் தன்னை மறைகுறிக் கையொப்பத்தால் அடையாளம் காட்டுவது வழக்கமாகும் என்று கணிக்கிறோம். அதற்கு இரு முனை போதும். எச்டிடிபியில் ‘பணம் செலுத்துக’ என்ற பொருளில் 402 என்று ஒரு பதில் எண் பல ஆண்டுகளாகப் பயன்படாமல் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. 2025-ல், பல தளங்களுக்கு முன்னால் நின்று காக்கும் நிறுவனமான கிளவுட்ஃபிளேர் அதை எடுத்துக் கையாளத் தொடங்கியது. எழுதுபவருக்குக் கூலி வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. இந்த வழியில் அது கிடைத்தால் தமிழில் எழுதும் சின்னத் தளங்களுக்கும் ஒரு பிடிமானம் கிடைக்கும்.

தமிழிலேயே தள முகவரியும் மின்னஞ்சல் முகவரியும் இயல்பாகுமா?

தளப் பெயர் ஏற்கெனவே ஆகிவிட்டது. ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ மூன்றும் ‘.காம்’ போன்ற உயர்நிலைப் பெயர்களாக உள்ளன. பிரௌசரே தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்துச் சங்கேதமாக மாற்றி டிஎன்எஸ்ஸிடம் கேட்பதால், நடுவில் யாரும் மாற வேண்டியதில்லை. மின்னஞ்சலுக்கு 2012-லேயே விதிமுறை வந்தும் தவழ்கிறது. அனுப்பும் சர்வர், கடத்தும் சர்வர், பெறும் சர்வர் மூன்றும் ஒத்துழைக்க வேண்டும். போதாததற்கு இணையப் படிவங்களும் மறுக்கின்றன.

தமிழில் தனியாகக் கவனிக்க வேண்டியவை உண்டு. ‘ஔ’ என்ற ஒற்றை எழுத்தும், ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டிய ‘ஒள’வும் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. பெயரில் அது வந்தால் இரண்டையும் பதிவு செய்யுங்கள். தமிழ் எண் ‘௧’ ‘க’ போலவும், ‘௨’ ‘உ’ போலவும் தெரிந்து ஏமாற்ற உதவும். பெயரில் தமிழ் எண்களைத் தவிருங்கள். ‘கொ’வைச் சில விசைப்பலகைகள் இரண்டு குறிகளாக உள்ளிடும், சேமிக்குமுன் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றாவிட்டால் அதே பயனர் வேறு விசைப்பலகையிலிருந்து உள்நுழைய முடியாமல் போகலாம்.

படிவம் எழுதுபவர்கள் எச்டிஎம்எல்லின் ‘மின்னஞ்சல்’ வகைப் பெட்டியைத் தமிழ் முகவரிக்குப் பயன்படுத்தக் கூடாது. @ குறிக்கு முன் தமிழ் எழுத்து வந்தாலே அது தவறு என்று சொல்லும். சாதாரண உரைப்பெட்டி வைத்து சர்வரில் சரிபாருங்கள். @ குறிக்கு முன் 64 பைட் வரம்பு உண்டு. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் 3 பைட், புள்ளியும் கொம்பும் தனிக் குறிகள். ‘தமிழ்நாடு’ என்பதே 27 பைட். ஆக 21 குறிகள்தான் இடம்.

மெயில் சர்வர் வைத்திருந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருளின் 3.0 பதிப்பு முதல் தமிழ் முகவரிக்கான ஆதரவு இருக்கிறது. இயக்கிவிட்டு, உங்கள் முகவரியிலிருந்து ஒரு தமிழ் முகவரிக்கு மடல் அனுப்பிப் பாருங்கள். 5.6.7 என்ற எண்ணோடு திரும்பி வந்தால் வழியில் உள்ள ஏதோ ஒரு சர்வர் இன்னும் மாறவில்லை. திரும்பிய மடலிலேயே அந்தச் சர்வரின் பெயர் இருக்கும். அதை நடத்துபவருக்கு எழுதுங்கள்.